இடுப்பு வலி இருப்பதால் நாம் வேற்றுக் கிரகத்துக்காரர்களா?

கேள்வி இதுதான். மதுரை மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி எடுத்துப் போடுகிறவர் கேட்டிருக்கிறார். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது, இடுப்பு வலியும் உண்டு. "ஆடு மாட்டுக்கு இதெல்லாம் வர்றதில்ல. மனுசனுக்கு மட்டும்தான் வருது. அதனால நாம ஈர்ப்பு விசை கம்மியா இருக்குற வேற கிரகத்துல இருந்து வந்தவங்கன்னு வீடியோவுல சொல்றாங்க. உண்மையா?"

இல்லை. அந்த வீடியோக்கள் சொல்லும் தொந்தரவுகள் உண்மை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. ஈர்ப்பு நம் உடம்பைப் படுத்துகிறது. அதே ஈர்ப்பு இல்லாமல் போனால் உடம்பு சில மாதங்களில் தளர்ந்துவிடுகிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பேசுவதால் வந்த குழப்பம் இது.

முதலில் அளவைப் பார்ப்போம். மதுரை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே கீழே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 9.78 மீட்டர் வீதம் கூடும். துருவத்தில் அது 9.83. அதாவது இங்கே வில் தராசில் 60 கிலோ காட்டுகிறவர் துருவத்தில் 60 கிலோ 300 கிராம் காட்டுவார். பூமிக்குள் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். செவ்வாயில் 3.71, நிலாவில் 1.62. "ஈர்ப்பு குறைந்த கிரகம்" என்று சொல்லும்போது இந்த மாதிரி எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் காலுக்கு வருவோம். மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தில் கீழ்வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது இல்லையா, ரத்தத்துக்கும் அதே கணக்குத்தான். இதயத்துக்குக் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.78 மில்லிமீட்டர் பாதரசம் அளவு அழுத்தம் கூடும். இதயத்திலிருந்து கணுக்கால் 120 செ.மீ. கீழே என்றால், ரத்தத்தின் எடை மட்டுமே 93 புள்ளி (ஒரு புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரசம்) அழுத்தத்தைச் சேர்க்கிறது. படுத்திருக்கும்போது கணுக்காலின் சிரையில், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில், பத்துப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அழுத்தம், அசையாமல் நின்றால் 90-ஐத் தொடும். பி.பி. பார்க்கும்போது கையை நெஞ்சு மட்டத்தில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். கையை 10 செ.மீ. கீழே தொங்கவிட்டால் கருவி 8 புள்ளி அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து ஒருவருக்குத் தேவையில்லாமல் மாத்திரை கூட்டிவிடவும் முடியும்.

காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏற இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, சிரைகளுக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள். இன்னொன்று கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை இறுகி உள்சிரைகளைப் பிழிகிறது. நடக்கும்போது கணுக்கால் சிரை அழுத்தம் 90-லிருந்து 20, 30-க்கு இறங்கிவிடும். ஆக, பாதகம் செய்வது நிற்பது அல்ல, அசையாமல் நிற்பது. அழுத்தத்தில் சிரை விரியும். விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாது. ஒரு வால்வு கைவிட்டால் அதற்குக் கீழுள்ள வால்வு இன்னும் நீளமான ரத்தத் தம்பத்தைத் தாங்க வேண்டும், அதுவும் விரியும். நரம்புச் சுருட்டு என்று நாம் சொன்னாலும் சுருண்டிருப்பது நரம்பு அல்ல, தோலுக்கடியில் உள்ள சிரை. பரம்பரை, கர்ப்பம், உடல் எடை ஆகியவையும் இதற்குக் காரணமாகும்.

செய்ய வேண்டியது என்ன? தமிழ்நாட்டில் 2021-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஸ்டூலில் காலைத் தொங்கப் போட்டு அசையாமல் உட்கார்ந்தால், நடக்கும்போது குறைகிற அளவுக்கு அழுத்தம் குறையாது. நின்றாலும் உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தரம் தூக்கி இறக்குங்கள். அழுத்தக் காலுறை போடச் சொல்லியிருந்தால் காலையில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கும் முன்பே போட வேண்டும். பத்து மணிக்குக் கடைக்குப் போய்ப் போட்டால் வீங்கிய காலின் மேல்தான் போடுகிறீர்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ பாதத்தில் நாடித்துடிப்பு பலவீனமாக இருந்தாலோ டாக்டர் பார்க்காமல் அதைப் போடக் கூடாது. தமனி ஏற்கெனவே அடைத்திருந்தால் காலுறை இருக்கிற ரத்தத்தையும் தடுத்துவிடும். இரவில் பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வைத்துப் படுங்கள். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரிப்பு வந்தால் அடுத்து புண் வரலாம், தள்ளிப் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுருண்ட சிரை வெடித்து ரத்தம் பீய்ச்சினால் நின்றுகொண்டு துணி தேடாதீர்கள். அந்த இடத்திலேயே படுத்துக் காலைத் தூக்கி, விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். படுத்துத் தூக்கிய கணமே பீய்ச்சுகிற அழுத்தம் போய்விடும். இது தெரியாமல் நின்றபடியே ரத்தம் இழந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

தலைப்பக்கம் கணக்கு தலைகீழ். மூளை இதயத்துக்கு 30 செ.மீ. மேலே இருப்பதால் அங்கே போய்ச் சேரும் அழுத்தத்தில் 23 புள்ளி குறையும். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் சில வினாடிகளுக்குள் அதைக் கண்டுபிடித்து, இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடிவதற்கு முன்பிருந்தே வைகைக் கரையில் நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கால் அசைக்க இடமில்லை, ஆகவே கெண்டைக்கால் பம்ப் வேலை செய்யாது. புழுக்கத்தில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து கிடக்கும். வியர்வையில் நீர் போயிருக்கும். விரதமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கட்டத்தில் உணரிகளால் ஈடுகட்ட முடியாமல் ஆள் கீழே விழுகிறார்.

விழுந்ததும் மூளையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன; பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பும். சுற்றி நிற்பவர்கள் செய்கிற தப்பு, பாசத்தில் அவரைத் தூக்கி நிறுத்துவது, அல்லது நாற்காலியில் உட்கார வைத்து வாயில் சோடாவை ஊற்றுவது. நிமிர்த்தி வைத்தால் ரத்தம் மறுபடி கீழே இறங்கும், வலிப்புகூட வரலாம். நினைவில்லாத ஆளுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை ஒரு அடி உயரத்தில் தூக்கிப் பிடியுங்கள். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒரு நிமிடத்தில் தெளியவில்லை என்றாலும், நெஞ்சு வலி இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று தெரிந்த கணத்தில் இரண்டு கால்களையும் குறுக்காகப் பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் மயக்கத்தைத் தள்ளிப் போடலாம். இடம் இருந்தால் குந்தி உட்கார்ந்துவிடுவது அதைவிட நல்லது.

வயதானவர்களுக்குக் காலையில் எழுந்ததும் தள்ளாட்டம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் நிலைமாற்ற ரத்த அழுத்தக் குறைவு. பல நேரம் அவர்கள் சாப்பிடும் பி.பி. மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோதான் காரணம். அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் மனிதனுக்கு மட்டுமே உள்ள பிரச்சினை என்பது சரியில்லை. ஒட்டகச்சிவிங்கியின் மூளை இதயத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கிறது. அதனால் அதன் சராசரி ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல் இரண்டு மடங்கு, காலைச் சுற்றி விறைப்பான தோல் இயற்கையாகவே அழுத்தக் காலுறை போட்டதுபோல் அமைந்திருக்கிறது. பாம்புகளைப் பாருங்கள். மரமேறும் பாம்புகளுக்கு இதயம் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் பாம்புகளுக்கு உடம்பின் நடுப்பக்கமாக இருக்கிறது, ஏனென்றால் தண்ணீரே அவற்றைத் தாங்கிக்கொள்கிறது. கடல் பாம்பை வெளியே எடுத்துச் செங்குத்தாகப் பிடித்தால் அதன் தலைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகாது. எந்த உயிர் எந்தத் திசையில் வாழ்கிறதோ அதற்கேற்ப அதன் குழாய் அமைப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இடுப்பு வலியிலும் "விலங்குக்கு வராது" என்பது தப்பு. டாக்ஸ்ஹண்ட் என்ற குட்டைக்கால் நாய் இனத்தில் நான்கில் ஒன்றுக்கு நெருக்கமாக டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை) நோய் வருகிறது. மாட்டுக்கு வருகிறதா இல்லையா என்று நாம் பார்ப்பதில்லை. மாட்டால் வலியைச் சொல்லவும் முடியாது, உழைக்க முடியாமல் போனதும் சந்தைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் மனிதனுக்கு இது கூடுதல் என்பது உண்மைதான். அதன் காரணம் எண்ணிலேயே தெரிகிறது. 1999-ல் ஜெர்மனியில் ஒருவருடைய இடுப்பு டிஸ்கில் அழுத்தமானி வைத்து அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5. இருபது கிலோவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கும்போது 2.3. அதையே முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7.

குனிந்து தூக்கினால் ஏன் இவ்வளவு? சுமை முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சமன் செய்கிற முதுகுத் தசை முதுகெலும்புக்குப் பின்னால் 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. நெம்புகோல் எட்டுக்கு ஒன்று. இருபது கிலோ மூட்டைக்கு முதுகுத் தசை 160 கிலோ விசையில் இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து டிஸ்கின் மேல்தான் இறங்கும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை தூக்குகிற லோடுமேன்கள் குனிந்து வெகுநேரம் பிடித்திருக்க மாட்டார்கள். இன்னொருவர் கைகொடுக்க மூட்டை உடனே தலைக்கோ பிடரிக்கோ போய்விடும். தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தால் முன்பக்க நெம்புகோல் பூஜ்யம். கென்யாவில் தலைச்சுமை தூக்கும் பெண்களை 1986-ல் அளந்தபோது, தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி செலவில்லாமலே சுமந்து நடந்தார்கள். கழுத்து எலும்பு தேயும் அபாயம் அதில் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இடுப்புக்கு மிக மோசமானது குனிந்து, திரும்பிக்கொண்டே தூக்குவதுதான். உங்கள் கடையில் கீழ்த்தட்டிலிருந்து சேலைக் கட்டை எடுத்து அப்படியே பக்கவாட்டில் திரும்பி மேஜையில் போடுகிறீர்களே, அந்த அசைவு. காலை நகர்த்தித் திரும்புங்கள், கட்டை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். 40 செ.மீ. 20 ஆனால் தசையின் வேலை பாதியாகும்.

டிஸ்க் என்பது நீர் ஊறிய பஞ்சணை. பகலில் எடை அழுத்த அழுத்த நீர் கசிந்து வெளியேறும், இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். எழுந்ததும் சுவரோடு ஒட்டி நின்று உயரத்தைக் குறித்து, கடையிலிருந்து வந்ததும் மறுபடி குறித்துப் பாருங்கள். ஒன்று முதல் இரண்டு செ.மீ. வரை குறைந்திருக்கும். காலையில் எழுந்தவுடன் டிஸ்க் முழுக்க ஊறி விறைத்திருப்பதால், அந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் குனிந்து குடம் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது வீடியோவின் வாதத்துக்கு நேராக வருவோம். நாம் ஈர்ப்பு குறைந்த இடத்துக்காரர்கள் என்றால், ஈர்ப்பு குறையக் குறைய உடம்பு தேற வேண்டும். அறுபது ஆண்டுகளாக இதைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையம் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு இல்லை என்று சொல்வது பிழை. தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கும் உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவுதான். உடம்பைப் பொறுத்தவரை எடை இல்லாத நிலை.

அங்கே என்ன நடக்கிறது? காலில் இருக்க வேண்டிய திரவம் மேலே ஏறி முகம் உப்புகிறது, கால் மெலிகிறது. உடம்பு அதைக் கூடுதல் ரத்தம் என்று தவறாக எடுத்துக்கொண்டு நீரைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் கரைகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓராண்டில் ஆகிற இழப்பு அங்கே ஒரு மாதத்தில் ஆகிவிடுகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குவதால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. கண்ணின் பின்பக்கம் தட்டையாகிப் பலருக்குப் பார்வை மாறுகிறது. முதுகெலும்பு நீண்டு ஆள் மூன்று சதவீதம் வரை வளர்கிறார், அதோடு இடுப்பு வலியும் வருகிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எடையே இல்லாத இடத்திலும் இடுப்பு வலி வருகிறது. தினமும் இரண்டு, இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தும் இவ்வளவு. 2025 மார்ச்சில் 286 நாள் கழித்து இறங்கிய சுனிதா வில்லியம்ஸைத் தூக்குப் படுக்கையில் கொண்டு போனதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட பயணம் முடித்து வருகிற எல்லாருக்கும் அதுதான் வழக்கம், எழுந்து நின்றால் மயங்கி விழக்கூடும் என்பதால். அதே ஆண்டு சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் செய்த இந்தியச் சோதனைகளில் ஒன்று, எடையில்லாத நிலையில் தசைச் செல்கள் ஏன் சரியாக வளர்வதில்லை என்பதைப் பற்றியது.

மேலே போகாமலும் இதைக் காணலாம். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது வருட வயது கூடியதால் ஆன இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கையால் அவர்களுடைய உடல் திறனில் ஆன இழப்பே பெரிதாக இருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடக்கச் சொல்லி நர்ஸ் விரட்டுவதற்குப் பின்னால் இருப்பது இதுதான். "பாவம், படுத்திருக்கட்டும்" என்று வீட்டார் தடுக்கக் கூடாது.

எலும்புக்குள் இருக்கும் செல்கள் ஒவ்வொரு அடியிலும் எலும்பு நுண்ணளவில் வளைவதை உணர்ந்துதான் எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. எடை இல்லையென்றால் கட்டுவதைவிடக் கரைப்பு மிஞ்சிவிடும். உள்காதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் இருக்கின்றன. அவை ஈர்ப்பின் பக்கம் சாய்வதை வைத்துத்தான் மூளை கீழ் எது, மேல் எது என்று அறிகிறது. அந்தத் துகள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் படுக்கையில் புரளும்போது வீடே சுற்றும். இதற்கு மாத்திரையைவிட எப்லி முறை என்ற தலைத்திருப்பல் பயிற்சி நல்ல பலன் தரும். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் எந்தப் பக்கக் காது என்று உறுதி செய்து தலையைப் படிப்படியாகத் திருப்புவார், துகள் தன் எடையாலேயே பழைய இடத்துக்கு உருண்டு போய்விடும். மனித உடம்புக்குள் ஈர்ப்பை உணரவென்றே ஒரு உறுப்பு இருக்கிறது, அது மீனிலிருந்து நம்வரை ஒரே வகையில் அமைந்திருக்கிறது. வந்தேறி உடம்பில் இது எப்படி வரும்?

அப்படியானால் தொந்தரவு ஏன்? நாலு காலில் நடந்த உடம்பு எழுந்து நின்றதால். தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் முதுகைப் பாருங்கள், இடுப்பில் உள்வளைவு கிடையாது. உட்கார்ந்து, நின்று, நடக்கத் தொடங்கிய பிறகே அந்த வளைவு உருவாகிறது. தொடை எலும்பு முழங்காலில் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதும் அப்படித்தான். பிறவியிலிருந்தே நடக்க முடியாத பிள்ளைகளுக்கு அந்தச் சாய்வு வருவதில்லை. ஆக இந்தச் சாய்வு ஒரு எலும்பில் தெரிந்தால், அந்த ஆள் இரண்டு காலில் நடந்தவர் என்று அர்த்தம். 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுக்கு முந்தைய 'லூசி' எலும்புக்கூட்டில் அது இருக்கிறது; மூளையோ சிம்பன்சி அளவுக்குக் கொஞ்சம்தான் கூடுதல். தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களுக்கு 36 லட்சம் வயது. மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த நம் இன எலும்புகளுக்கு ஏறத்தாழ 3 லட்சம். நிமிர்வது முதலில் வந்தது, பெரிய மூளை வெகுகாலம் கழித்து வந்தது. இடைப்பட்ட படிகள் எல்லாம் இந்தப் பூமியின் மண்ணிலேயே கிடைக்கின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சான்று கர்ப்பிணிகளின் முதுகு. வயிறு முன்னால் தள்ளும்போது எடையின் மையம் முன்னே போகிறது. பின்னால் சாய்ந்து ஈடுகட்ட வேண்டும். பெண்களின் இடுப்பு வளைவு மூன்று முள்ளெலும்புகளில் பரவியிருக்கிறது, ஆண்களுக்கு இரண்டில்தான். 2007-ல் வெளிவந்த ஆய்வு, இந்த ஆண்-பெண் வித்தியாசம் ஆப்பிரிக்காவின் ஆஸ்ட்ரலோபித்திகஸ் (லூசியைப் போன்ற ஆதி முன்னோர்) முதுகெலும்புகளிலேயே இருப்பதைக் காட்டியது. பிள்ளையைச் சுமந்து நிமிர்ந்து நடந்த தாய்மார்களின் முதுகை இந்தப் பூமியின் ஈர்ப்பு இருபது லட்சம் ஆண்டுக்கு முன்பே செதுக்கிவிட்டது. நிமிர்ந்து நடக்கக் குறுகிய இடுப்பு வேண்டும், பெரிய தலையுள்ள பிள்ளையைப் பெற அகன்ற இடுப்பு வேண்டும். பிரசவம் கடினமாக இருப்பதற்கு அந்த இழுபறி முக்கியமான காரணம். வேற்றுக் கிரகம் தேவையில்லை. பிரசவ வலி தொடங்கிய முதல் கட்டத்தில் நடமாடியும் நிமிர்ந்தும் இருக்கும் பெண்களுக்கு அந்தக் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு சிக்கல் இல்லையென்றால் ஈர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எலும்பை நம்பாதவர்கள் மரபணுவைப் பார்க்கலாம். ஆடும் நாயும் வைட்டமின் சி-யைத் தாமே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது, அதற்கான மரபணு உடைந்து கிடக்கிறது. அழகர்கோயில் மலையில் பழம் பறிக்கும் குரங்குக்கும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டானுக்கு 48 குரோமோசோம், நமக்கு 46. நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக நுனியில் மட்டுமே இருக்கும் எழுத்து வரிசை இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிய தழும்பு அது. வேறு கிரகத்து உயிருக்கு நம்மூர்க் குரங்கின் பழுது எப்படி வந்தது என்பதற்கு அந்த வீடியோக்களில் பதில் இருக்காது.

மதுரையில் இருந்துகொண்டு பூர்வீகம் பற்றிக் கேட்கும்போது உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் எடுத்த ரத்த மாதிரிகளில், அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு எம்130 என்ற ஒய் குரோமோசோம் (அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது) அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய ஆதிக் குடிகளோடு தொடர்புள்ள அடையாளம் அது. அதே குடும்பத்தின் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் மங்கோலியரிடமும் உண்டு. "இந்தியாவின் முதல் மனிதன்" என்று செய்திகள் எழுதியது மிகை. அப்பா வழி ஒன்றை மட்டுமே அது காட்டுகிறது; ஒரு மனிதருக்கு ஆயிரக்கணக்கான மூதாதையர் உண்டு. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்தே வந்தவர்களின் தடம் நம் மாவட்டத்து ரத்தத்தில் இருக்கிறது என்பது உறுதி. கீழடியின் 2,600 ஆண்டுகளை இதோடு குழப்பக் கூடாது. அது நகர நாகரிகத்தின் வயது, உடம்பின் வயது அல்ல.

வீடியோக்களில் இன்னொன்று சொல்வார்கள்: மனித உடலின் கடிகாரம் 25 மணி நேரம், அது செவ்வாயின் நாளுக்குப் பொருந்தும் என்று. பழைய சோதனைகளில் ஆட்கள் விளக்கைத் தாங்களே போட்டு அணைக்க விட்டிருந்தார்கள்; இரவு வெளிச்சம் கடிகாரத்தைத் தள்ளிவிட்டது. 1999-ல் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி அளந்தபோது 24 மணி 11 நிமிடம் வந்தது. செவ்வாயின் ஒரு நாள் ஏறத்தாழ 24 மணி 40 நிமிடம். பொருத்தம் பூமிக்குத்தான்.

விண்ணிலிருந்து எதுவுமே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. பென்னு குறுங்கோளிலிருந்து கொண்டுவந்த தூளில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் ஐந்து எழுத்து மூலக்கூறுகளும் இருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். உயிரின் மூலப்பொருள் வானிலிருந்து வந்திருக்கலாமா என்பது நியாயமான ஆராய்ச்சி. ஆனால் அது 350 கோடி ஆண்டுக்கும் முந்தைய கதை. அப்போதிருந்த நுண்ணுயிர்களின் உருவ அளவில் ஈர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. பாக்டீரியா அளவுள்ள உயிரை நீரின் பிசுக்கும் மூலக்கூறுகளின் மோதலும்தான் ஆட்டிவைக்கும். முதுகெலும்பு, வால்வு, கெண்டைக்கால் சதை என்று எடை தாங்கும் உறுப்புகள் எல்லாம் அதற்குப் பல நூறு கோடி ஆண்டு கழித்து இங்கே உருவானவை.

உண்மையிலேயே விடை இல்லாத கேள்வி வேறு ஒன்று இருக்கிறது: குறைந்த ஈர்ப்பில் மனிதக் குழந்தை பிறந்து வளர முடியுமா? 1994-ல் விண்வெளி ஓடத்தில் மெடகா மீன்கள் இணைசேர்ந்து குஞ்சு பொரித்தன. எலிக்கருக்கள் விண்வெளி நிலையத்தில் சில நாள் வளர்ந்திருக்கின்றன. ஆனால் இதுவரை ஒரு பாலூட்டிகூட விண்வெளியில் கருவாகி விண்வெளியிலேயே பிறந்ததில்லை. செவ்வாயில் குடியேறுவது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் நடக்காத காலில் தொடை எலும்பு சாயாது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். மூன்றில் ஒரு பங்கு எடையில் நடந்தால் எவ்வளவு சாயும் என்பது யாருக்கும் தெரியாது.